தாத்தா என்று கூப்பிடக்கூடாது

அத்தியாயம் 11

ஸ்ரீவித்யாவைப் போன வாரம் சமையலறையில், கையில் கோர்ட் நோட்டீசும் அடுப்பில் பொங்கி வழியும் பாலுமாக விட்டுவிட்டு வந்தோம். பாலைத் துடைத்தாகிவிட்டது. நோட்டீசைத்தான் துடைக்க முடியவில்லை. ஏழு நாளாக அதை எடுத்துப் படிப்பதும், மடித்து வைப்பதும், ஏதோ புதிதாக எழுதியிருக்கும் என்பதுபோல மறுபடி எடுப்பதுமாக இருக்கிறாள்.

புதிதாக ஒன்றும் இல்லை. விவாகரத்து வழக்கு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, புனேவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போன ஷ்ரேயாஸ் இன்னொரு மனுவையும் போட்டுவிட்டான். ஏழு வயது தேஜஸ் இனிமேல் பெங்களூரிலேயே அடுகோடியில், ஷ்ரேயாஸின் அப்பா அம்மாவிடம் வளரவேண்டுமாம். காரணம் இரண்டே வரி. ‘தாய் காலை முதல் மாலை வரை அலுவலகத்தில் இருக்கிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை.’ அடியில் சாட்சியாக ஷ்ரேயாஸின் அப்பா நாராயணசாமியின் கையெழுத்து. அந்தக் காலத்து அரசாங்க உத்தியோகஸ்தரின் கையெழுத்து, ஒரு சுழி பிசகவில்லை.

பெரியவர்கள் யாரும் இல்லையாம்! அப்படியானால் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு ஹாலில், ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகிற அவசரத்தில் மீசைக்குக் கறுப்பு பூசிக்கொண்டிருக்கிறாரே, அறுபத்தாறு வயதில் ஒருத்தர், அவர் யார்?

“அப்பா, மணி ஒம்பதரை. பத்தரைக்கு அங்க இருக்கணும்.”

“ரெண்டு நிமிஷம்.”

“இதையே எட்டரைலேருந்து சொல்லிண்டிருக்கே.”

“ஒரு பக்கம்தான் ஆச்சு. பாதி மீசையோட வரச் சொல்றியா?”

உள்ளேயிருந்து தேஜஸின் குரல் வந்தது. “ரங்கா! என் ஷூ எங்க?”

“பால்கனில, வெயில்ல வெச்சிருக்கேன் பார்.”

“ரங்கா! ஒண்ணுதான் இருக்கு!”

ஸ்ரீவித்யா பல்லைக் கடித்துக்கொண்டாள். சாதாரண நாளில் காதில் விழாமல் போகிற பெயர் இன்றைக்கு ஊசியாகக் குத்தியது.

விஷயம் இதுதான். தேஜஸுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். ரங்கநாதனை யாரும் தாத்தா என்று கூப்பிடக்கூடாது. பேரன் பேர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். வாய் தவறி ‘தாத்தா’ என்று கூப்பிட்டால் மனிதர் திரும்பமாட்டார். இரண்டாம் தடவை கூப்பிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். குழந்தை சீக்கிரமே புரிந்துகொண்டது. ரங்கா என்று கூப்பிட்டால் ஓடி வருகிறார், தோளில் தூக்கிக்கொள்கிறார், இரண்டாவது பிஸ்கட்டும் தருகிறார். யார்தான் ரங்கா என்று கூப்பிடமாட்டார்கள்?

கீழ்வீட்டுப் பெர்னதெத்துக்கு இது கட்டோடு பிடிக்காது. “பெரியவங்கள இப்படி பேர் சொல்லிக் கூப்பிடுதே பிள்ளை, நீங்க ஒண்ணும் சொல்றதில்லயா?” என்று மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் ஸ்ரீவித்யாவைப் பிடித்துக்கொள்வாள். ஸ்ரீவித்யா சொல்லாமலா இருந்தாள்? கெஞ்சியாகிவிட்டது, சண்டை போட்டாகிவிட்டது. அப்பாவிடம் எப்போதும் ஒரே பதில்தான். காலையில் பார்க்கில் அவரோடு பேட்மிண்டன் ஆடுகிறவர்கள் எல்லாம் நாற்பது வயசுக்காரர்கள். தாத்தா என்று தெரிந்தால் பாவம் பார்த்து மெதுவாகப் போடுவார்களாம்.

ஒரு மனிதனுக்கு இதெல்லாம் ஒரு காரணமா?

* * *

ஆட்டோவில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டது.

“எல்லிகெ தாத்தா?” என்று எங்கே போகவேண்டும் எனக் கன்னடத்தில் கேட்டார் ஓட்டுநர்.

“தாத்தா அல்லப்பா. சார் அன்னு.”

“ஆய்து தாத்தா,” என்று ஒத்துக்கொண்டார் ஓட்டுநர்.

ஸ்ரீவித்யா வெளியே பார்த்தாள். கண்டக்டர், காய்கறிக்காரி, பார்மசிப் பெண், லிப்டில் வருகிற முன்பின் தெரியாத பையன் என்று பெங்களூரே அவரைத் தாத்தா என்கிறது. கன்னடக்காரரும் தாத்தா, தமிழரும் தாத்தா. ஊரெல்லாம் சல்லிசாகப் புழங்குகிற அந்த ஒரு வார்த்தைக்குச் சொந்த வீட்டில் மட்டும் தடை.

தேஜஸ் நடுவில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு வந்தான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாமா என்று ஸ்ரீவித்யாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வக்கீல் விஜி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “எதையும் சொல்லிக் கொடுக்காத வித்யா. கோர்ட்டுல குழந்தைகிட்ட பேசிப் பாக்கற அந்தக் கவுன்சிலர் மேடம் முன்னாடி உக்காந்து ‘அம்மா இப்படிச் சொல்லச் சொன்னா’ன்னு போட்டு உடைச்சிட்டான்னா எல்லாம் போச்சு. அவன் போக்குல பேசட்டும். உண்மைதானே நம்ம பக்கம் இருக்கு?”

அதனால் ஸ்ரீவித்யா, “கேட்டதுக்கு உண்மையச் சொல்லணும், சரியா கண்ணா?” என்று மட்டும் சொன்னாள்.

“சரிம்மா,” என்றான் தேஜஸ். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை அவன். அதுதான் வினையாகப் போயிற்று.

* * *

குடும்ப நீதிமன்றத்தின் நடையில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்காகவே எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடி நாற்காலியில் நாராயணசாமி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், மடியில் ஒரு துணிப்பை. எழுபத்திநாலு வயதுக்கு முதுகு நேராக இருந்தது. மகனுக்குப் பதில் அவர்தான் வந்திருந்தார். ஷ்ரேயாஸுக்கு லீவு கிடைக்கவில்லையாம். பிள்ளை வேண்டுமாம், லீவு கிடைக்காதாம்!

“தாத்தா!” என்று கத்திக்கொண்டு தேஜஸ் ஓடினான்.

நடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாராயணசாமி இரண்டு கையாலும் குழந்தையை வாங்கிக்கொண்டார். பையிலிருந்து சாக்லேட் வந்தது. “எவ்வளவு பெரிசாய்ட்ட! போன தடவை இங்கதானே இருந்த?” என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நடிக்கவில்லை என்பது ஸ்ரீவித்யாவுக்குத் தெரியும். அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. கெட்டவராக இருந்து தொலைத்தால் வெறுத்துவிட்டாவது நிம்மதியாக இருக்கலாம்.

ரங்கா ஓரமாக நின்றார். ஒரு கையில் தேஜஸின் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் அவன் கழற்றி எறிந்த தொப்பி.

“வாங்கோ சம்பந்தி,” என்றார் நாராயணசாமி, எழுந்திருக்காமல்.

“சௌக்கியமா?” என்றார் ரங்கா.

நாராயணசாமி சாக்லேட் காகிதத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. “தேஜஸ் யாருப்பா? வா கண்ணா, நீ மட்டும்.” கவுன்சிலர் ஜெயலக்ஷ்மிக்கு ஐம்பது வயதிருக்கும். காட்டன் புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி. குழந்தையின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். வழக்கில் யாரிடம் குழந்தை இருக்கலாம் என்று அவர் எழுதிக் கொடுப்பதைத்தான் நீதிபதி முதலில் பார்ப்பார் என்று விஜி சொல்லியிருந்தாள்.

இருபது நிமிஷம். சிரிப்புச் சத்தம் இரண்டு முறை கேட்டது. ஸ்ரீவித்யா கொஞ்சம் தைரியமானாள். பிறகு தேஜஸ் வெளியே வந்து, வெற்றிகரமாகப் பரீட்சை எழுதியவன் மாதிரி, “எல்லாம் உண்மையே சொன்னேம்மா!” என்றான்.

“நீங்க மட்டும் உள்ள வாங்க,” என்றார் ஜெயலக்ஷ்மி ஸ்ரீவித்யாவைப் பார்த்து. அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

* * *

“தமிழ்லயே பேசலாம். நான் கன்னடக்காரிதான், ஆனா வளந்ததெல்லாம் தமிழ் ஜனங்க நடுவுல, ஸ்ரீராம்புரத்துல. உக்காருங்க. உங்க பையன் ரொம்பத் தெளிவா பேசறான்.”

“தேங்க்ஸ் மேடம்.”

“வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு கேட்டேன். ‘நான், அம்மா, ரங்கா’ன்னு சொன்னான்.”

ஸ்ரீவித்யா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

“ரங்கான்னா உன் தாத்தாவான்னு நானே எடுத்துக் கொடுத்தேன். ‘இல்ல. எனக்கு ஒரே தாத்தா. அவர் அடுகோடில இருக்கார்’ங்கறான். சரி, அப்ப ரங்கா யாருப்பான்னா, ‘ரங்கா ரங்காதான்’ங்கறான்.” ஜெயலக்ஷ்மி தாளைப் புரட்டினார். “ரங்கா மீசைக்குக் கறுப்பு அடிப்பார். ரங்கா அம்மாவோட ஸ்கூட்டரை எடுத்துண்டு போவார். ரங்காவும் அம்மாவும் தினம் சண்டை போடுவாங்க, அம்மா கதவைப் படார்னு சாத்திப்பாங்க, அப்புறம் ரங்கா காப்பி போட்டுக் கொடுத்து சமாதானம் பண்ணுவார். இதெல்லாம் அவன் சொன்னதுதான், நான் ஒரு வார்த்தையும் சேக்கல.”

“ஐயோ மேடம்...”

“உங்க பதில் மனுவுல, தாய்வழித் தாத்தா கூடவே இருந்து குழந்தையப் பாத்துக்கறார்னு இருக்கு. குழந்தை வீட்டுல தாத்தாவே கிடையாதுங்கறான். ரங்கான்னு ஒரு ஆம்பள இருக்கார்ங்கறான். நான் ரிப்போர்ட்டுல எதை எழுதட்டும்?”

ஸ்ரீவித்யாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கொட்டித் தீர்த்தாள். அந்த ரங்கா தன் அப்பா ரங்கநாதன் என்றும், வெளியே தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறாரே அவர்தான் என்றும், கருவூலத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றும், தாத்தா என்று கூப்பிட்டால் அவருக்கு ஆகாது என்றும், அதற்குக் காரணம் பேட்மிண்டன் என்றும் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது. போனில் அப்பாவின் ஆதார் அட்டை, தன்னுடைய பான் கார்டு, கல்யாணப் போட்டோ என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

ஜெயலக்ஷ்மி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

“சரிம்மா. உங்க அப்பாதான். அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த மனுவோட கேள்வியே வீட்டுல பொறுப்பான பெரியவர் உண்டா இல்லையாங்கறதுதான். தாத்தான்னு கூப்பிடறதையே வேண்டாம்னு தள்ளற ஒருத்தர், நாளைக்கு நீங்க ஆபீஸ்ல மாட்டிக்கும்போது குழந்தைக்குத் தாத்தாவா நிப்பார்னு நான் எதை வெச்சு எழுதறது? அவரை வரச் சொல்லுங்க.”

* * *

ரங்கா உள்ளே வந்து உட்கார்ந்தார். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏன் சார், பேரன் தாத்தான்னு கூப்பிட்டா உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். பழக்கம்.”

“யார் பழக்கினாங்க?”

“நான்தான்.”

“ஏன்?”

ரங்கா தன் மகளைப் பார்த்தார். “காலம்பர பேட்மிண்டன் ஆடறேன். அங்க எல்லாரும் சின்னவா...”

“அப்பா!” ஸ்ரீவித்யா இடம், பொருள், ஏவல் எல்லாம் மறந்து கத்திவிட்டாள். “உன் பேட்மிண்டனால, உன் மீசையால என் குழந்தை என்னை விட்டுப் போகப்போறான்ப்பா! புரியறதா உனக்கு? ஆறு வருஷமா தலபாடா அடிச்சிண்டேனே. ஊர்ல எந்தத் தாத்தாவுக்கு இப்படி ஒரு கிறுக்கு உண்டு? ஒரே ஒரு வார்த்தை! அதைத் தாங்கிண்டு போறதுல உனக்கு என்ன குறைஞ்சு போயிடும்?”

“காலம்பர ஆறு மணிக்கு எழுப்பறது நான், குளிப்பாட்டறது நான், ஸ்கூல்ல விடறது நான், கன்னட ஹோம்வொர்க் நான். எல்லாம் பண்றேன். அந்தப் பேர் மட்டும் வேண்டாம்ங்கறேன். அது ஒரு குத்தமா?”

“ஏன் வேண்டாம்? அதைச் சொல்லு!”

ரங்கா பாட்டில் மூடியைத் திறந்தார், மூடினார். ஜெயலக்ஷ்மி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“உங்கம்மா என்னை என்னன்னு கூப்பிடுவா, ஞாபகம் இருக்கா?”

ஸ்ரீவித்யா இதை எதிர்பார்க்கவில்லை. “வித்யா அப்பான்னு.”

“முப்பத்திரண்டு வருஷம் அதேதான். ஒருநாள் பேர் சொன்னதில்ல, அந்தக் காலத்து மனுஷி.” அவர் ஜெயலக்ஷ்மியின் பக்கம் திரும்பினார். “இவ உண்டாயிருக்கேன்னு அடுகோடிலேருந்து போன் பண்ணினா மேடம். அன்னிக்கு சாயங்காலமே இவ அம்மா காந்தா மாத்திட்டா. ‘தாத்தா, காப்பி ஆறிப்போறது.’ ‘தாத்தா, கேஸ்காரன் வந்திருக்கான்.’ ‘தாத்தாவுக்குக் காது கேக்கல போலிருக்கு.’ ஒரு நாளைக்கு அம்பது தடவை. எனக்கு எரிச்சலா வரும். இன்னும் குழந்தையே பொறக்கலடி, அதுக்குள்ள என்னடி தாத்தான்னு கத்துவேன். அவ சிரிப்பா. அஞ்சு மாசம் இப்படியே. அப்புறம் ஒருநாள் மத்தியானம் தலை சுத்தறதுன்னு படுத்தா. எழுந்திருக்கல.”

வெளியே யாருடைய பெயரையோ பியூன் உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு போனான்.

“தேஜஸ் முதல்ல ‘தாத்தா’ன்னு சொன்னான் பாருங்கோ, நான் அவனைப் பாக்கல. சமையலறைப் பக்கம் திரும்பிப் பாத்தேன். மறுநாளும் அப்படியே. தெருவுல ஆட்டோக்காரன் கூப்பிட்டா கோவம் வரும், அவ்வளவுதான். வீட்டுக்குள்ள அந்த வார்த்தை கேட்டா திரும்பிப் பாத்துடறேன் மேடம். அங்க யாரும் இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படித் திரும்பிப் பாக்கறது, சொல்லுங்கோ.”

ஸ்ரீவித்யாவுக்கு அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

“இதை ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல? ஆறு வருஷமா பேட்மிண்டன், பேட்மிண்டன்னு...”

“எப்ப சொல்றது? நீ அப்ப பிள்ளைத்தாச்சி. அப்புறம் பச்சை உடம்பு. அப்புறம் உனக்கும் ஷ்ரேயாஸுக்கும் சண்டை. அதுக்குள்ள இவன் ரங்கான்னு கூப்பிடப் பழகிட்டான். சரி, இப்படியே போகட்டும்னு விட்டுட்டேன்.”

“நேத்திக்காவது சொல்லியிருக்கலாமே! விஜிகிட்ட சொல்லி மனுவுலயே எழுதியிருப்பேனே!”

“இதையெல்லாமா மனுவுல எழுதுவா?” என்றார் ரங்கா, உண்மையாகவே அதிர்ந்து போய்.

இந்த மனிதரை என்ன செய்வது? கட்டிக்கொள்வதா, தலையில் குட்டுவதா? ஸ்ரீவித்யா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெயலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மணியை அடித்தார். “வெளில இருக்கற பெரியவரையும் பையனையும் அனுப்புப்பா. அவரும் கையெழுத்துப் போட்டவர்தானே, அவர்கிட்டயும் கேட்டுடலாம்.”

* * *

நாராயணசாமி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தேஜஸின் வாயைச் சுற்றிலும் சாக்லேட்.

“இவரைத் தெரியுமா உங்களுக்கு?” என்று ஜெயலக்ஷ்மி ரங்காவைக் காட்டினார்.

“தெரியாம என்ன? என் சம்பந்தி.”

“மகளோட வீட்டுலதான் இருக்கார்னும் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் பெரியவங்க யாரும் இல்லைன்னு எப்படி சார் கையெழுத்துப் போட்டீங்க?”

நாராயணசாமி தடுமாறவில்லை. கேள்விக்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

“வயசானவர் இல்லைன்னு நான் எழுதல மேடம். பெரியவர் இல்லைன்னுதான் எழுதியிருக்கு. தாத்தாங்கறது ஒரு ஸ்தானம். எங்க குடும்பத்துல என் தாத்தா பேரை என் அண்ணாவுக்கு வெச்சா. என் அம்மா மாமனார் பேர் சொல்லக் கூடாதுன்னு அண்ணாவைக் கடைசிவரைக்கும் ‘பெரியவனே’ன்னுதான் கூப்பிட்டா. அவ்வளவு மரியாதை. இவர் என்னடான்னா ஏழு வயசுப் பையனை விட்டுத் தன்னையே பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்றார். ஒரு ஸ்தானத்தை வேண்டாம்னு தள்ளினவருக்கு அதுல என்ன பாத்யதை இருக்கு? நான் போட்ட கையெழுத்துல எனக்கு வெக்கம் இல்ல.”

ரங்கா தலையைக் குனிந்துகொண்டார். சற்றுமுன் சொன்னதை இன்னொரு முறை, இந்த மனிதரிடம், சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. ஸ்ரீவித்யாவுக்கு நாக்கு துடித்தது. ஜெயலக்ஷ்மி கையைத் தூக்கி அவளை அடக்கினார்.

“தேஜஸ், இங்க பாரு. அத்தைக்கு ஒரு சந்தேகம். தாத்தா, தாத்தான்னு எல்லாரும் பேசிக்கறாங்க. தாத்தான்னா யாரு? நீ சொல்லு.”

தேஜஸ் யோசித்தான். உண்மையைத்தான் சொல்லவேண்டும் என்ற அம்மாவின் கட்டளை இன்னும் அமுலில் இருந்தது.

“தாத்தான்னா மாசத்துல ரெண்டு சண்டே பாக்கறவர்.”

“ம்ம்.”

“போனா சாக்லேட் தருவார். எவ்வளவு பெரிசாய்ட்டன்னு கேப்பார். ஸ்டோரி சொல்லுவார், ஆனா முடிக்கறதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடும். நான் கிளம்பறச்சே அழுவார்.”

நாராயணசாமியின் கை குழந்தையின் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது.

“அப்ப ரங்கா?”

“ரங்கா அழமாட்டார்.”

“ஏனாம்?”

இது என்ன கேள்வி என்பது போல தேஜஸ் ஜெயலக்ஷ்மியைப் பார்த்தான்.

“ரங்காகிட்டேருந்து நான் எங்கயும் கிளம்பறதே இல்லையே.”

ஸ்ரீவித்யா அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவள் மாமனாரைப் பார்த்தாள். முதுகு நேராக உட்கார்ந்திருந்த மனிதர் நாற்காலியில் கொஞ்சம் சரிந்து போயிருந்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். ஆனால் அதை உபயோகிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். கோர்ட் சொன்ன மாசத்துக்கு இரண்டு ஞாயிறு. விவாகரத்து வழக்கு வருவதற்கு முன்னால் அதுகூட இல்லை, ஷ்ரேயாஸ் அழைத்து வந்தால்தான் உண்டு. தான் போட்ட கையெழுத்துக்கு வெட்கப்படாதவர், பேரனின் பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவித்யாவுக்கு அந்த நிமிஷம் அவர்மேல் இரக்கம் வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரமும் வந்தது.

ஜெயலக்ஷ்மி பேனாவை எடுத்தார். படிவத்தில் ஒரு கட்டத்தில் நாலைந்து வரி எழுதினார். என்ன எழுதினார் என்று ஸ்ரீவித்யா எட்டிப் பார்ப்பதற்குள் தாளைத் திருப்பி வைத்துவிட்டார்.

“வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கோர்ட்டுக்குப் போயிடும். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணும் சொல்லமுடியாது. நீங்க எல்லாரும் போகலாம்.”

“மேடம், ஒரே ஒரு...”

“போகலாம்மா.”

நடையில் கூட்டம் குறைந்திருந்தது. தேஜஸ் நாற்காலிகளை எண்ணிக்கொண்டு முன்னால் ஓடினான். விஜிக்குப் போன் பண்ணவேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று ஸ்ரீவித்யாவுக்குப் புரியவில்லை. பின்னாலிருந்து செருப்புச் சத்தம் வந்தது. நாராயணசாமி வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் அவளிடம் வரவில்லை, நேராக ரங்காவிடம் போனார்.

“சம்பந்தி.”

“சொல்லுங்கோ.”

“நாளைக்கு அவனுக்கு ஸ்கூல் எத்தனை மணிக்கு விடறா?”

ஸ்ரீவித்யாவுக்குப் பகீரென்றது. எதிர்த்தரப்பு ஆசாமி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆசாமி. நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் இவர் தனியாக வருவாரா, மகனுக்குப் போன் பண்ணிவிட்டு வருவாரா, ஆசையால் வருவாரா, வழக்குக்காக வருவாரா, யாருக்குத் தெரியும்? எந்த வக்கீலைக் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்றுதான் சொல்வார். அப்பாவின் கையைப் பிடித்து இழுக்க அவள் இரண்டு எட்டு எடுத்து வைத்தாள்.

அதற்குள் ரங்கா சொல்லிவிட்டார்.

“மூணரைக்கு. பின்பக்கத்து கேட்ல விடுவா. அங்க நிழலே கிடையாது, குடை எடுத்துண்டு வாங்கோ.”